பார்த்திபன் கனவும் கடலுக்கு இப்பாலுள்ள கரையும்

சரித்திரக் கதை ஒவ்வொன்றுக்கும் ஒரு கரை உண்டு. கதாசிரியர் அந்தக் கரையில் நின்றே கதை சொல்கிறார். கேட்பவரையும் தம் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார். அங்கிருந்து பார்க்கும்போது, புறப்பட்டுச் செல்லும் மரக்கலங்கள் அழகாகத் தெரிகின்றன. பாய் விரிந்திருக்கிறது, கொடி பறக்கிறது, முரசு ஒலிக்கிறது. அந்த மரக்கலங்கள் எந்தக் கரையைச் சென்றடைந்தன, அங்கே இறங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கதை பெரும்பாலும் சொல்வதில்லை. கற்பிட்டிக் குடாநாட்டிலே, கண்டக்குழி என்னும் கடலோர ஊரிலே ஆசிரியத் தொழில் செய்யும் நாம் அந்த மற்றக் கரையைச் சேர்ந்தவர்கள். ஆகவே, தமிழ் மக்கள் பெரிதும் விரும்பிப் பார்த்த 'பார்த்திபன் கனவு' என்ற படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தபோது மனத்திலெழுந்த சில கேள்விகளை, இக்கரையில் நின்றவாறே வாசகர் முன் வைப்பது பொருத்தமென்று கருதுகிறோம்.

'பார்த்திபன் கனவு' 1960ஆம் ஆண்டில் வெளிவந்தது. கல்கியின் புகழ்பெற்ற நாவலைத் தழுவியது. டி. யோகானந்த் இயக்கிய இப்படத்திலே சோழ இளவரசன் விக்கிரமனாக ஜெமினி கணேசனும், பல்லவ இளவரசி குந்தவியாக வைஜயந்திமாலாவும், நரசிம்ம பல்லவச் சக்கரவர்த்தியாக எஸ். வி. ரங்காராவும் நடித்தனர். ஏ. எம். ராஜாவும் பி. சுசீலாவும் இணைந்து பாடிய காதற்பாட்டு இன்றும் வயது முதிர்ந்தோரின் வாயில் ஒலிக்கிறது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்து, இறக்குமதி அதன் கைக்குச் செல்லும்வரை, தென்னிந்தியத் தமிழ்ப் படங்கள் இலங்கைக்குத் தாராளமாக வந்திறங்கின. அவற்றின் பாடல்களை இலங்கை வானொலி கடலுக்கு இருபுறமும் பரப்பியது. எமக்கு முந்திய தலைமுறையினர் இத்தகைய படங்களைக் கொட்டகையிலே கண்டார்கள். நாம் சிறு பிராயத்தில் தொலைக்காட்சியிலே கண்டோம். இன்றைய மாணவர் கைப்பேசியின் சிறு திரையிலே காண்கிறார்கள். திரை சுருங்கினாலும் கவர்ச்சி சுருங்கவில்லை. பழைய காதற் படமொன்று மூன்று தலைமுறைகளைக் கட்டிவைத்திருக்கிறதென்றால், அது கலைப்படைப்பு என்ற அளவில் மட்டுமன்றி, ஒரு சமூக சக்தி என்ற அளவிலும் ஆராயத்தக்கதாகிறது.

கதை பலரும் அறிந்ததே. பல்லவருக்குக் கப்பம் கட்டும் சிற்றரசாகச் சிறுத்துப்போன சோழ நாட்டில், பார்த்திபன் என்ற மன்னன் கப்பம் கட்ட மறுக்கிறான். போர் மூளுகிறது. போர்க்களத்தில் உயிர் பிரியும் தறுவாயில், தன் மகன் விக்கிரமனைச் சுதந்திர வீரனாக வளர்க்கும் பொறுப்பைச் சிவனடியார் ஒருவரிடம் அவன் ஒப்படைக்கிறான். மகன் வளர்கிறான், புலிக்கொடியை உயர்த்த முயல்கிறான், பிடிபட்டுத் தீவாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறான். சிறைப்பட்டுச் செல்லும் அவனைக் கண்டு பல்லவச் சக்கரவர்த்தியின் மகள் மனம் இழக்கிறாள். தீவிலே அரசனாகிய விக்கிரமன், இரத்தின வியாபாரி வேடத்தில் திரும்பி வருகிறான். காதல் முதிர்கிறது. இறுதியில், சிவனடியாராக வந்தவர் வேறு யாருமல்லர், நரசிம்ம பல்லவரே என்று வெளிப்படுகிறது. சோழ நாடு சுதந்திரம் பெறுகிறது. காதலர் மணம் புரிகின்றனர். ஓடக்காரன் பொன்னனும் அவன் மனைவி வள்ளியும் தொடக்கம் முதல் முடிவு வரை அரச குடும்பத்துக்கு உற்ற துணையாக நிற்கின்றனர்.

இக்கதை எழுந்த காலத்தை மறந்துவிட்டு இதனை மதிப்பிடுவது நேர்மையாகாது. 1941இல் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்று மீண்ட கல்கி, அவ்வாண்டிலேயே தமது பெயரால் ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். அதிலேயே இந்நாவல் தொடராக வெளிவந்தது. வெள்ளையராட்சியின் தணிக்கைக் கண் எங்கும் விழித்திருந்த காலம் அது. கப்பம் என்ற சொல்லைப் படித்த வாசகன் காஞ்சியை நினைக்கவில்லை, இலண்டனை நினைத்தான். தந்தை விட்டுச்சென்ற கனவை மகன் நிறைவேற்ற வேண்டும் என்ற செய்தி, அன்றைய இளைஞர் நெஞ்சிலே தீயை மூட்டியது. அடிமைப்பட்ட மக்களுக்குப் பழம்பெருமையை நினைவூட்டி எழுச்சியூட்டுவது, உலகின் பல தேசிய இயக்கங்கள் கைக்கொண்ட வழியே ஆகும். வால்டர் ஸ்காட் ஸ்காத்லாந்தின் பழைய சண்டைகளைக் கதையாக்கி வெற்றிகண்ட பின்னர், ஐரோப்பாவின் சிறு தேசங்கள் பலவும் தத்தம் வீரநாயகர்களை நாவலிலே உயிர்ப்பித்துக்கொண்டன. அந்த மரபின் தமிழ்க் கிளையென்று கல்கியைக் கூறலாம். அந்த அளவில் அவர் ஆற்றிய பணி முற்போக்கானதே என்பதை மறுப்பார் இலர்.

ஆனால் படம் வெளிவந்த 1960இல் இந்தியா சுதந்திரம் பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. கப்பம் கேட்டவன் கப்பலேறிப் போய்விட்டான். ஆகவே கதையின் அரசியல் முனை மழுங்கி, காதலே முன்னுக்கு வந்தது. நாவலிலே சுதந்திரத்துக்குத் துணை செய்த காதல், திரையிலே சுதந்திரத்தையே தன் பின்னணித் திரைச்சீலையாக்கிக்கொண்டது. அச்சுக்கூடத்தில் எழுத்துக்கோத்த தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கி, உழைப்பாளர் துயரைக் கதைகளில் வடித்த விந்தனின் பேனாவும் இப்படத்தில் பங்குகொண்டது. ஆயினும் அரண்மனையின் பளபளப்பை மீறி, பொன்னனின் குடிசைக்குள் அந்தப் பேனா நெடுநேரம் தங்க முடியவில்லை. குற்றம் தனி மனிதருடையதன்று. பணம் முதலிட்டுப் பணம் ஈட்டும் சினிமாத் தொழிலின் இயல்பு அது.

இப்படத்தை மீண்டும் பார்க்கும்போது முதலில் உறுத்துவது, சுதந்திரம் கிடைக்கும் விதம். போராடியவன் பிடிபடுகிறான். அவனை நாடு கடத்தியவரே மாறுவேடத்தில் அவனுக்குக் குருவாகவும் இருக்கிறார். முடிவில் அவரே தம் கையால் நாட்டைத் திருப்பிக் கொடுக்கிறார். கூடவே மகளையும் கொடுக்கிறார். ஒடுக்குபவர் உள்ளத்தில் நல்லவர், தக்க காலம் வந்ததும் விடுதலையைத் தாமே வழங்குவார் என்ற எண்ணம் பார்ப்போர் மனத்தில் மெல்லப் படிகிறது. காதல் இங்கே ஆற்றும் வேலை பெரிது. இரு அரசுகளுக்கிடையிலான முரண்பாடு, ஓர் ஆணுக்கும் பெண்ணுக்குமிடையிலான ஊடலாகச் சுருக்கப்பட்டு, திருமணத்தால் தீர்க்கப்படுகிறது. குந்தவியின் கண்ணீரில் கரையும் பார்வையாளன், கப்பம் என்பது என்ன, அதை யார் கட்டினார்கள் என்று கேட்பதில்லை. மன்னன் தன் மடியிலிருந்தா கப்பம் கட்டினான்? உழவனின் நெல்லும், நெசவாளியின் துணியும், ஓடக்காரனின் கூலியுமே கப்பமாகக் காஞ்சிக்குச் சென்றிருக்க வேண்டும். நாடு சுதந்திரமடைந்த மறுநாள் பொன்னனின் வரி குறைந்ததா? கதை அதைப்பற்றிப் பேசவில்லை. ஓடம் முன்போலவே ஓடுகிறது. துடுப்பு முன்போலவே பொன்னன் கையில் இருக்கிறது.

இனி, கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்ட சரித்திரத்தை நோக்குவோம். பார்த்திபனும் விக்கிரமனும் கல்கியின் கற்பனையில் பிறந்தவர்கள். ஆயினும் ஏழாம் நூற்றாண்டிலே உறையூர்ப் பகுதி பல்லவர் பிடியிலிருந்தது என்பது உண்மை. திருச்சிராப்பள்ளிக் குன்றின் மேற்குடைவரையில் முதலாம் மகேந்திரவர்மன் பொறித்த சாசனம் காவிரியையும் சோழ நாட்டையும் பல்லவனின் உடைமையாகவே பேசுகிறது. அவன் மகன் முதலாம் நரசிம்மவர்மன் 642ஆம் ஆண்டளவில் சாளுக்கியரின் வாதாபியைக் கைப்பற்றினான். பல்லவர் செப்பேடுகள் இன்னொன்றையும் சொல்கின்றன: மன்னர் பிராமணருக்குத் தானமளித்த ஊர்களில் எந்தெந்த வரிகள் மன்னனுக்குச் சேராமல் விடப்பட்டன என்பதை அவை வரிசையாகக் குறிக்கின்றன. குயவர் செலுத்திய குசக்காணம், நெசவாளர் செலுத்திய தறிக்கூறை, கள்ளிறக்குவோர் செலுத்திய ஈழம்பூட்சி, செக்குக்கு ஒரு வரி, தரகுக்கு ஒரு வரி என்று அந்த வரிசை நீள்கிறது. ஊர் தானமாகக் கைமாறியபோது இவ்வரிகளைப் பெறுவோர் மாறினார்கள், செலுத்துவோர் மாறவில்லை. மாமல்லபுரத்துப் பாறைகளைச் செதுக்கிய உளிகளுக்குக் கூலி எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை, இந்தச் செப்பேடுகளின் வறண்ட பட்டியலில் இருக்கிறது. எந்தக் காதற் காட்சியிலும் அது இல்லை.

நரசிம்மவர்மனின் சரித்திரத்தில் எம் கரைக்கு நேரே தொடர்புடைய அத்தியாயம் ஒன்றுண்டு. இலங்கையில் ஆட்சியுரிமையை இழந்த மானவர்மன் என்ற சிங்கள இளவரசன் கடல் கடந்து காஞ்சிக்குச் சென்று, நரசிம்மனின் அவையில் மனைவி மக்களோடு வாழ்ந்தான். சாளுக்கியருடன் நடந்த போரில் பல்லவன் பக்கம் நின்று போரிட்டான். அந்த நன்றிக்காக நரசிம்மன் அவனுக்குப் படை கொடுத்து இலங்கைக்கு அனுப்பினான். முதல் முயற்சி தோற்றது. பிற்பட்ட முயற்சி வென்றது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அனுராதபுரத்தின் சிம்மாசனம் ஏறிய மானவர்மன் ஒரு நீண்ட அரச மரபுக்கு மூலவனானான். இதை மகாவம்சத்தின் தொடர்ச்சியாகிய சூளவம்சம் ஒளிக்காமல் சொல்கிறது. பல்லவரின் காசாக்குடிச் செப்பேடுகளும் நரசிம்மனின் இலங்கை வெற்றியைப் புகழ்கின்றன. தமிழ்ப் படை வந்தது, ஒரு சிங்கள இளவரசனுக்காக வந்தது. இன்று இரு தரப்பிலும் இனத்தின் பேரால் சரித்திரம் எழுதுவோருக்கு இச்செய்தி இடைஞ்சலானது. அரசர்கள் அரசர்களுக்கே உறவினர். இனம், மொழி என்ற வேலிகளை அவர்கள் தமது வசதிக்கேற்பத் தாண்டினார்கள், வசதிக்கேற்ப எழுப்பினார்கள். மாறுவேடத்துச் சக்கரவர்த்தியைவிட இந்த மெய்யான நட்பும் பேரமும் எத்தனையோ மடங்கு சுவையானவை. படத்திலே அவற்றுக்கு இடமில்லை.

இப்போது கனவுக்கு வருவோம். பார்த்திபன் தன் கனவை ஓவியங்களாகத் தீட்டி, யாரும் அறியாத சித்திர மண்டபத்தில் வைத்திருக்கிறான். சோழரின் புலிக்கொடி தாங்கிய படைகள் நாடுகளை வெல்வதும், மரக்கலங்கள் கடல் கடப்பதும், அந்நிய தேசங்களில் சோழக் கொடி பறப்பதும் அந்த ஓவியங்களின் பொருள். நாவலின் முடிவில் கல்கி ஒரு செய்தி சொல்கிறார்: அந்தக் கனவு விக்கிரமன் காலத்தில் முழுமையாக நிறைவேறவில்லை, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளின் பின், இராஜராஜன் காலத்திலும் இராஜேந்திரன் காலத்திலும் நிறைவேறியது. இப்பகுதியை எமது உயர்தர வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவி, "சேர், அந்தக் கப்பல்கள் எங்கே போகின்றன?" என்று கேட்டாள். வகுப்பு ஒரு கணம் அமைதியானது. சாளரத்துக்கு வெளியே கடல் தெரிந்தது. கேள்வியிலேயே விடை இருந்தது. கப்பல்கள் இங்கேதான் வந்தன.

கவனிக்க வேண்டியது இதுவே. கப்பம் கட்டும் அடிமைத்தனத்தை வெறுத்த பார்த்திபன், கப்பமே இல்லாத உலகத்தைக் கனவு காணவில்லை. கப்பம் வாங்குபவனாகத் தன் குலம் உயர்வதையே கனவு கண்டான். விடுதலைக் கனவும் ஆதிக்கக் கனவும் ஒரே சுவரில், ஒரே வர்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. ஏகாதிபத்தியத்தை எதிர்த்துச் சிறை சென்ற எழுத்தாளரே, தம் மக்களின் எதிர்காலத்தை இன்னொரு சாம்ராச்சியமாக அன்றி வேறு விதமாகக் கற்பனை செய்ய இயலாமற்போனது, மத்தியதர வர்க்கத் தேசியத்தின் எல்லையைக் காட்டுகிறது. இலங்கையிலே 'கப்பம்' என்ற சொல், ஆயுதத்தைக் காட்டிப் பறிக்கும் பணத்துக்கும் பெயராகிவிட்டது. அந்தச் சொல்லின் கசப்பை அனுபவத்தில் அறிந்த எமக்கு, இவ்வெல்லை இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

கனவு நிறைவேறிய விதத்தைச் சூளவம்சமும் சோழர் சாசனங்களும் கொண்டு நோக்குவோம். 982இல் முடிசூடிய ஐந்தாம் மகிந்தனின் ஆட்சி தொடக்கத்திலிருந்தே தள்ளாடியது. குடியானவர்கள் வரி செலுத்தவில்லை. கருவூலம் வறண்டது. கூலிப்படையினருக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. அவர்கள் கலகம் செய்தனர். மன்னன் தெற்கே உரோகணத்துக்கு ஓடினான். இந்நிலையைக் கண்டுசென்ற குதிரை வணிகன் ஒருவன் சோழ மன்னனிடம் அதைத் தெரிவித்தான் என்று சூளவம்சம் கூறுகிறது. மகாகாவியங்களில் போர்கள் மானத்துக்காக எழுகின்றன. இங்கே ஒரு வியாபாரி கொண்டுவந்த சந்தை நிலவரத்தோடு போர் எழுந்தது. 993ஆம் ஆண்டளவில் இராஜராஜனின் படை அனுராதபுரத்தை அழித்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக விளங்கிய அந்நகரம் மீண்டும் தலைமைப் பதவிக்கு வரவேயில்லை. 1017இல் இராஜேந்திரன் காலத்துப் படை மகிந்தனையும் அவன் தேவியையும் முடியையும் ஆபரணங்களையும் கவர்ந்து சென்றது. பன்னிரண்டு ஆண்டுகள் சோழ நாட்டில் சிறையிருந்து அவன் மாண்டான். விகாரைகள் கொள்ளையிடப்பட்டன. வெல்லப்பட்ட நாடு மும்முடிச் சோழ மண்டலமாயிற்று, பொலன்னறுவை ஜனநாதமங்கலமாயிற்று, எமக்கு வடக்கே, மன்னார்க் கரையிலிருந்த மாதோட்டத் துறைமுகம் இராஜராஜபுரமாயிற்று. இலங்கையின் சில ஊர்களது வருவாய் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒதுக்கப்பட்டதை அக்கோயிலின் கல்வெட்டே கூறுகிறது. மாதோட்டத்தின் வணிகமும் மன்னார்க் குடாவின் முத்தும் யாருக்கு வேண்டியிருந்தன என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

இளைய வாசகர் இவ்விடத்தில் 'பொன்னியின் செல்வனை' நினைவுகூர்வர். மணிரத்னம் இயக்கி 2022இலும் 2023இலும் இரு பாகங்களாக வெளிவந்த படம் அந்த நாவலைப் புதிய தலைமுறையிடம் கொண்டுசென்றது. 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய அந்நாவலில், இளவரசர் அருள்மொழிவர்மர் இலங்கைக்கு வருகிறார். பௌத்த விகாரைகளைப் பழுதுபார்க்கச் செய்கிறார். தமக்கு அளிக்க முன்வந்த இலங்கைச் சிம்மாசனத்தையும் மறுத்துவிடுகிறார். இந்த அருள்மொழிவர்மர் யார்? பின்னாளில் இராஜராஜன் என்ற பெயரில் அனுராதபுரத்தின் மீது படை அனுப்பியவரே. நாவலாசிரியருக்குக் கற்பனை செய்யும் உரிமை உண்டு. கல்கியின் நெஞ்சிலிருந்த சமயப் பொறையும் போற்றத்தக்கதே. ஆனால் அழித்தவரின் கையில் பழுதுபார்க்கும் கரண்டியைக் கொடுத்துவிட்டு, அழிவைக் கதைக்கு வெளியே நிறுத்தும்போது, காதலும் சாகசமும் சேர்ந்து ஒரு நாட்டின் துயரத்தை மறைத்துவிடுகின்றன. கோடிக்கரையிலிருந்து ஓடம் செலுத்தி வரும் பூங்குழலியை எம் கடலோரச் சிறுமியர் கண்டு களிக்கிறார்கள். அந்த ஓடத்தின் பின்னால் வந்த போர்க்கலங்களைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியது எம் கடமை.

இவ்விடத்தில் அவசரப்பட்டு, ஆக்கிரமித்தவர் தமிழர், ஆக்கிரமிக்கப்பட்டவர் சிங்களவர் என்று முடிவு கட்டுவோரும் உளர். அம்முடிவுக்கு உக்கல் என்ற சிற்றூர் மறுப்புக் கூறுகிறது. தொண்டை நாட்டிலுள்ள அவ்வூரிலே, இராஜராஜனின் இருபத்துநான்காம் ஆட்சியாண்டில், அதாவது 1009ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட கல்வெட்டொன்று உண்டு. இரண்டு ஆண்டுகள் நிலவரி செலுத்தத் தவறியோரின் நிலத்தை ஊரார் விற்றுவிடலாம் என்ற மன்னனின் ஆணை அது. கடல் கடந்து கொடி பறந்த அதே ஆட்சியில், காவிரிக்கு வடக்கே வரிப்பாக்கிக்காகத் தமிழனின் நிலம் ஏலம் போனது. இங்கே அனுராதபுரத்துக் குடியானவன் வரி கட்ட மறுத்து அரசனைத் தள்ளாட வைத்தான். அங்கே தமிழ் நிலத்துக்குரியவன் வரி கட்ட முடியாமல் நிலத்தை இழந்தான். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒருவர் மொழியை மற்றவர் அறிந்திருக்கவும் மாட்டார். ஆனால் இருவர் முதுகிலும் ஏறியிருந்த சுமை ஒன்றே. புலிக்கொடி உயர்ந்தபோது இவ்விருவரில் யாருடைய கனவு நிறைவேறியது? எம் கேள்வி இதுதான். பார்த்திபன் கனவு பார்த்திபனின் கனவே. பொன்னனின் கனவு எந்தச் சித்திர மண்டபத்திலும் தீட்டப்படவில்லை.

ஆதிக்கம் செய்வோர் வந்த அதே கடல் வழியாக வேறு பலவும் வந்தன. அவையும் கல்லில் பதிந்துள்ளன. திருகோணமலைக்கு அருகேயுள்ள வெல்கம் விகாரை, சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயர் பெற்று, தமிழர் விளக்கும் பசுவும் தானம் செய்த பௌத்தப் பள்ளியாக விளங்கியது. 1070இல் சோழரை வெளியேற்றிய முதலாம் விஜயபாகுவின் காலத்தை அடுத்து, பொலன்னறுவையிலே புத்தரின் தந்ததாது வைக்கப்பட்ட கோயிலைக் காக்கும் பொறுப்பைத் தமிழ் வேளைக்காரப் படையினர் ஏற்றனர். அதைத் தமிழிலேயே கல்லில் வெட்டினர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் பொறித்த கட்டளையும் தமிழில் உள்ளது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. வணிகப் பொருள் ஏற்றிய கப்பலானால் சரிபாதி. சிங்கள மன்னன் கடலோடிகளோடு பேசுவதற்குத் தமிழைப் பயன்படுத்தினான். 1344இல் உலகம் சுற்றிய அரபுப் பயணி இபன் பதூதா எம் புத்தளத்திலேதான் கரையிறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். இக்கரையின் உண்மைச் சரித்திரம் இத்தகைய கலப்பிலே இருக்கிறது. சிலாபம் தொடங்கிப் புத்தளம் வரையுள்ள கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பலவற்றில் பாட்டனார் தமிழ் பேசினார், பேரன் சிங்களம் பேசுகிறான். வலை ஒன்றே, கடல் ஒன்றே.

இவையெல்லாம் பழங்கதை, இன்று ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். பழங்கதை இந்த நாட்டிலே இரத்தம் சிந்தவைத்திருக்கிறது. சோழப் படையெடுப்பை நேற்று நடந்ததுபோல் மேடையில் முழங்கி, தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஏழைத் தொழிலாளியையும், கொழும்பில் கடை வைத்திருந்த சிறு வியாபாரியையும் அந்தப் படையின் வாரிசுகளாக்கிக் காட்டிய சிங்களப் பேரினவாதம், 1983 ஜூலையில் என்ன செய்தது என்பதை உலகம் அறியும். மறுபுறத்தில், சோழரின் புலியை நினைவூட்டும் சின்னத்தைத் தாங்கி விடுதலை என்று பேசிய இயக்கம், 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்களைத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணிலிருந்து வெளியேற்றியது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேர அவகாசமே கொடுக்கப்பட்டது. தமிழையே தாய்மொழியாகக் கொண்ட எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட அம்மக்களில் பெரும்பகுதியினர் தஞ்சமடைந்தது எம் புத்தளம் மாவட்டத்திலே. கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. விடுதலைக் கனவும் ஆதிக்கக் கனவும் ஒரே சுவரில் தீட்டப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தக் கொட்டில்களில் பிறந்தவர்களின் பிள்ளைகள் இன்று இப்பகுதிப் பாடசாலைகளில் படிக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் கரைவலை இழுக்கும் தமிழ்க் கத்தோலிக்கர் பிள்ளைகள் இருக்கிறார்கள். சற்றுத் தொலைவில் சிங்களப் பாடசாலையில், அதே வாடிகளிலிருந்து வரும் பிள்ளைகள் அதே சோழரைப் பற்றி வேறொரு தொனியில் கேட்டு வளர்கிறார்கள். ஒரு வீட்டில் இராஜராஜன் பெருமை. அடுத்த வீட்டில் அவனே கொள்ளைக்காரன். மூன்றாம் வீட்டில் புலிக்கொடி என்பது ஒரு மாலைப்பொழுதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்த நினைவு. இம்மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரே படத்தைப் பார்த்து, ஒரே காதற்பாட்டை முணுமுணுக்கிறார்கள். அவர்களுக்குச் சரித்திரம் கற்பிக்கும் ஆசிரியன், திரையில் கொடி ஏறும்போது எதைச் சொல்வான்? இந்தக் கேள்விக்கு நேரான விடை தேடாமல் வகுப்பறைக்குள் நுழைவது தகாது.

படத்தைப் பார்க்கவேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அழகை விலக்கி வைத்து யாரும் அறிவு பெற்றதில்லை. வைஜயந்திமாலாவின் விழியசைவையும், ரங்காராவின் கம்பீரத்தையும், நிலவிலே மிதந்து வரும் அந்தப் பாட்டையும் நாமும் நேசிக்கிறோம், இனியும் நேசிப்போம். ஆனால் படத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டியவை உள. மானவர்மன் காஞ்சிக்குச் சென்ற கதையைத் தமிழ் மாணவருக்கும் சிங்கள மாணவருக்கும் ஒருங்கே சொல்லலாம். தஞ்சைக் கல்வெட்டில் இலங்கை ஊர்களின் வருவாய் குறிக்கப்பட்டிருப்பதையும், உக்கல் கல்வெட்டில் தமிழரின் நிலம் விற்கப்பட ஆணையிட்டிருப்பதையும் ஒரே பாடத்தில் வைக்கலாம். வேளைக்காரர் கல்வெட்டையும் நயினாதீவுக் கல்வெட்டையும் மாணவரே எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். பின்னர், 'பார்த்திபன் கனவு' கதையைப் பொன்னனின் வாயால் எழுதிவரச் சொல்லலாம். நாம் சொல்லிப் பார்த்தோம். மாணவர் எழுதிய கட்டுரைகளில் போர்க்களம் சுருங்கியது. ஓடக்கூலியும் வெள்ளமும், ஆற்றைக் கடக்கக் காத்திருக்கும் மக்களும் நிறைந்தனர். சம்மாட்டியின் பங்குக்குப் பின் எஞ்சும் மீனை எண்ணிப் பழகிய பிள்ளைகளுக்கு, பொன்னனின் கணக்கை யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

சோளகக் காற்று எழும் மாதங்களில் எம் கரையில் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும். அப்போது கடனில் வாழும் வீடுகளில் தமிழ், முஸ்லிம், சிங்களம் என்ற வேறுபாட்டைப் பசி பார்ப்பதில்லை. கடன் கொடுத்தவரும் பார்ப்பதில்லை. இம்மக்களுக்கும் ஒரு கனவு உண்டு. அதில் கொடியில்லை, முடியில்லை, கடல் கடந்து செல்லும் படையில்லை. உழைத்ததன் பலன் உழைத்தவர் வீட்டுக்கு வருவதும், எந்தக் கொடி ஏறினாலும் யாரும் இரவோடிரவாக ஊரை விட்டுப் போக நேராமலிருப்பதுமே அக்கனவு. அதைத் தீட்டுவதற்கு இன்னும் ஒரு கல்கி வரவில்லை. படமாக்க ஒரு ஸ்டூடியோவும் முன்வரவில்லை. பொன்னனின் பார்வையில் கதையெழுதிய மாணவர் சிலர் தம் பயிற்சிக் கொப்பிகளில் அதற்கான முதற்கோடுகளை இழுத்திருக்கிறார்கள். ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே, உங்கள் வகுப்பறைகளிலும் அக்கோடுகள் தொடரட்டும்.